கறந்த பாலா? பாக்கெட் பாலா?

(இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



நம் விடுதி மெஸ்ஸில் காலை ஆறரை மணிக்கு டீ ஊற்றும்போது ஒரு குரல் தவறாமல் கேட்கும். "அண்ணே, இன்னிக்குப் பால்ல தண்ணி ஊத்துனீங்களா, இல்ல தண்ணியில பால் ஊத்துனீங்களா?" மாஸ்டரும் சளைக்காமல், "ரெண்டும் இல்ல தம்பி, பாக்கெட்ட தண்ணிக்குக் காட்டிட்டு எடுத்துட்டேன்" என்பார். வரிசை மொத்தமும் சிரிக்கும்.

முதலாமாண்டில் சேர்ந்த புதிதில் நான் மட்டும் இந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள மாட்டேன். எனக்கு ஒரு கர்வம் இருந்தது. "இதெல்லாம் ஒரு பாலாடா? எங்க ஊருக்கு வாங்க. காம்புல இருந்து நேரா டம்ளர்ல பீச்சித் தர்றேன். குடிச்சுப் பாத்தா அப்பத் தெரியும்" என்று அறை நண்பர்களிடம் அளந்துகொண்டே இருப்பேன்.

அந்தக் கர்வம் எப்படி இறங்கியது, இறங்கிய பிறகும் எங்கள் வீட்டில் இன்றுவரை ஏன் பாக்கெட் பால் வாங்குவதில்லை, இந்த இரண்டையும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. மலர்க் குழு நண்பர்கள் கவிதை கேட்டார்கள். கவிதை எனக்கு வராது. பாலைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். அதுவும் பட்டுத் தெரிந்துகொண்டது.

எங்கள் வீட்டுப் பட்டிமன்றம்

ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிறு கிராமம் எங்களுடையது. பெரியப்பா வீட்டில் எப்போதும் நான்கு மாடு கறவையில் இருக்கும். காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுவார். ஊற்றுவதற்கு முன் எங்கள் வீட்டுக்கு ஒரு தூக்குப்போசி நிறைய வந்துவிடும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்களுக்குப் பால் என்றால் அதுதான்.

நான் முதலாமாண்டு முடித்து விடுமுறைக்குப் போயிருந்தபோது, திருப்பூரில் இருக்கும் அக்காவும் மாமாவும் குழந்தையோடு வந்திருந்தார்கள். அப்போது அக்கா பையனுக்கு இரண்டு வயது. மாமா தன் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். பாலைக் காய்ச்சினால் அதிலுள்ள என்சைம் எல்லாம் செத்துப்போகும், சத்து முழுக்கப் போய்விடும், வெளிநாட்டில் படித்தவர்களே பச்சைப் பாலுக்குத் திரும்பிவிட்டார்கள் என்று அதில் ஒருவர் அடித்துப் பேசினார்.

"பாத்தீங்களாத்தை? இங்க இருக்கற வரைக்கும் பையனுக்குக் கறந்த பாலை அப்படியே குடுத்துரலாம்" என்றார் மாமா.

அம்மாவுக்கு மனசில்லை. "காய்ச்சாத பாலைக் கொழந்தைக்குக் குடுக்கறதாங்க மாப்பிள்ள? வயித்துக்கு ஆகாதுங்க."

அப்பத்தா இடையில் புகுந்தார். "நானெல்லாம் நுரைப்பால் குடிச்சு வளந்தவ. எனக்கு என்னாயிப் போச்சு இப்போ?"

இரண்டுக்கு ஒன்று. கடைசியில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். டிப்ளமோ படிக்கிற பையனாயிற்றே! நான் மாமா பக்கம் ஓட்டுப் போட்டேன். "படிச்ச பையனே சொல்லிட்டான்" என்று தீர்ப்பாகிவிட்டது. நான் அதுவரை படித்திருந்தது என்னவோ இன்ஜினியரிங் டிராயிங்கும் வொர்க்‌ஷாப்பில் ஃபைலிங்கும்தான்!

பத்து நாட்கள், தினமும் காலையில் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போவேன். பெரியப்பா பீச்சித் தரும் நுரைப்பாலை அரை டம்ளர் அவனுக்கு, மீதி எனக்கு. மேலுதட்டில் வெள்ளை மீசையோடு அவன் சிரிப்பான். போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன்.

பெரியப்பாவுக்கு வந்த காய்ச்சல்

இரண்டு மாதம் கழித்துப் பெரியப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. விசித்திரமான காய்ச்சல். காலையில் ஒன்றும் இருக்காது, மாட்டுக்குத் தீவனம் வைப்பார். சாயந்திரமானால் உடம்பு சுடும். இரவில் பாய் நனையும் அளவுக்கு வியர்க்கும். இடுப்பிலும் முதுகிலும் ஒரே வலி. டைபாய்டு என்று மாத்திரை சாப்பிட்டார், மலேரியா என்று ரத்தம் கொடுத்தார், ஊசி போட்டுக்கொண்டார். நாலு நாள் குறையும், மறுபடி வரும். ஏழு வாரத்தில் ஆள் பாதியாகிவிட்டார்.

கடைசியில் நகரத்தில் ஒரு வயதான டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் எல்லாச் சீட்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காத மூன்று கேள்விகள் கேட்டார்.

"வீட்ல மாடு இருக்கா? பச்சைப் பால் குடிப்பீங்களா? மாடு ஏதாவது சமீபத்துல கன்னு வீசுச்சா?"

பெரியப்பாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் விடுமுறைக்கு ஒரு மாதம் முன்பு, சந்தையில் வாங்கி வந்த சினை மாடு ஒன்று ஏழாம் மாதத்திலேயே கன்று வீசியிருந்தது. வெயில் சூடு என்று நினைத்தோம். நஞ்சுக்கொடி விழாமல் நின்றதைப் பெரியப்பாதான் வெறும் கையால் எடுத்துப் போட்டார். அந்த மாட்டின் பாலும் மற்ற மாட்டுப் பாலோடு சேர்ந்துதான் கறக்கப்பட்டது.

ரத்தப் பரிசோதனையில் புரூசெல்லோசிஸ் என்று வந்தது. நம் கால்நடை மருத்துவர்கள் கன்று வீச்சு நோய் என்பார்கள். மாட்டிடமிருந்து மனிதனுக்கு வரும். வரும் வழிகளில் முக்கியமானவை இரண்டு: கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடி, திரவங்களை வெறும் கையால் தொடுவது ஒன்று, அந்த மாட்டின் பாலைக் காய்ச்சாமல் குடிப்பது இன்னொன்று. பெரியப்பா இரண்டையும் செய்திருந்தார். எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். டாக்ஸிசைக்ளின், ரிஃபாம்பிசின் என்று இரண்டு மருந்து, ஆறு வாரம், ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட வேண்டும் என்றார்.

எழுதிக்கொண்டே தலை நிமிராமல் அடுத்த கேள்வியைக் கேட்டார். "வீட்ல வேற யார் யார் காய்ச்சாத பால் குடிச்சீங்க?"

நான் கையைத் தூக்கினேன். பிறகு அந்த இரண்டு வயதுப் பையனைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அன்று இரவே அக்கா குழந்தையோடு பஸ் ஏறி வந்தாள். அவனுக்கும் எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வர நான்கு நாட்கள். அந்த நான்கு நாட்கள் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. இருவருக்கும் இல்லை என்று வந்தது. ஆனாலும் இது உடனே தலைகாட்டாத நோய், சில மாதங்கள் கவனமாகப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். அதன் பிறகு பையனுக்கு உடம்பு கொஞ்சம் சுட்டாலும் அக்கா எனக்குத்தான் முதலில் போன் செய்வாள். ஒருநாளும் திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அப்போதுதான் முடிவு செய்தேன். ஒரு வீடியோவை நம்பி ஓட்டுப் போட்டவன், இனி நானே படித்துத் தெரிந்துகொண்டு பேச வேண்டும் என்று. படித்ததையும் பார்த்ததையும் சுருக்கமாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

மால்டா தீவு ஆடுகள்

பெரியப்பாவின் காய்ச்சலுக்கு ஒரு பழைய பெயர் மால்டா காய்ச்சல். மத்தியதரைக் கடலில் உள்ள மால்டா தீவில் முகாமிட்டிருந்த ஆங்கிலேயப் படைவீரர்கள் பலர் மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலில் படுத்தார்கள். 1887-ல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் அதற்குக் காரணமான கிருமியைப் பிரித்தெடுத்தார். அவர் பெயரால்தான் அது புரூசெல்லா. ஆனால் கிருமி எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிடிபடவில்லை. கொசுவா, தண்ணீரா, காற்றா என்று தேடினார்கள். 1905-ல் தெமிஸ்டோக்ளிஸ் ஸமித் என்ற மால்டா மருத்துவர் அங்குள்ள ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்தார். பார்க்க நல்ல ஆரோக்கியமாக இருந்த ஆடுகளிலேயே நோய் இருந்தது! 1906-ல் படைவீரர்களுக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. காய்ச்சல் சட்டென்று குறைந்துவிட்டது.

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஆடு பார்க்க நன்றாக இருந்தது. பாலும் பார்க்க நன்றாக இருந்தது. மணம், ருசி, நிறம் எதிலும் மாற்றமில்லை. "எங்க வீட்டு மாடு, எனக்குத் தெரியாதா?" என்று நாம் சொல்கிறோமே, மாட்டைத் தெரியும், கிருமியைத் தெரியாது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பக்கூடாது என்பார்கள். இங்கே பால் உண்மையான பால்தான், ஆனாலும் நம்ப முடியாது.

காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக் எவ்வளவு பெரிய மேதை! அவரே 1901-ல் லண்டன் மாநாட்டில், மாட்டுக் காசநோய் மனிதனுக்குப் பெரிய ஆபத்தில்லை என்று பேசினார். அது சரிதானா என்று ஆராய இங்கிலாந்தில் ஒரு ராயல் கமிஷன் போட்டார்கள். பால் வழியாக அது மனிதனுக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு வருகிறது என்று அந்தக் கமிஷன் நிரூபித்தது. கோக்கே தவறலாம் என்றால் வீடியோ பேச்சாளர் எம்மாத்திரம்?

பாஸ்டர் பாலுக்காகச் செய்யவில்லை

பாஸ்டரைசேஷன் என்றதும் லூயி பாஸ்டர் பாலைக் காய்ச்சிப் பார்த்தார் என்றே நானும் நினைத்திருந்தேன். உண்மையில் 1860-களில் அவர் செய்தது ஒயின் கெட்டுப்போகாமல் இருக்க அதை மிதமாகச் சூடாக்கிப் பார்த்தது. அதைப் பாலுக்குச் செய்யலாம் என்று 1886-ல் சொன்னவர் ஜெர்மனியின் ஃபிரான்ஸ் வான் சாக்ஸ்லெட். 1893-ல் நியூயார்க் நகரில் நாதன் ஸ்ட்ராஸ் என்ற கடை முதலாளி, ஏழைக் குழந்தைகளுக்காகப் பாஸ்டரைஸ் செய்த பால் தரும் நிலையங்களைத் திறந்தார். 1908-ல் சிகாகோ நகரம் இதைச் சட்டமாக்கியது.

ஏன் அந்த அவசரம்? ஊர் பெரிதாகிவிட்டது. மாடு ஒரு மூலையில், குழந்தை ஒரு மூலையில். நடுவில் பல மணி நேரம். கோலி வகைக் கிருமி ஒன்று நல்ல வெதுவெதுப்பில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு மணியில் 8. நான்கு மணி நேரத்தில் 4096. காலையில் ஒன்று, மத்தியானம் ஒரு படை!

டெய்ரியில் நான் பார்த்தது

இரண்டாமாண்டில் இன்பிளான்ட் டிரெயினிங்குக்கு ஆளுக்கொரு ஸ்பின்னிங் மில்லையும் பவுண்டரியையும் தேடிப் போனபோது, நான் கேட்டு வாங்கிக்கொண்டு ஒரு டெய்ரிக்குப் போனேன். காரணம் உங்களுக்குத் தெரியும்.

நண்பர்களே, நாம் பாடத்தில் படிக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரை உயிரோடு பார்க்க வேண்டுமானால் டெய்ரிக்குப் போங்கள். பாலை 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்திருப்பது பழைய முறை. 72 டிகிரியில் 15 விநாடி வைத்திருந்து உடனே 4 டிகிரிக்குக் குளிர்விப்பது இன்றைய பெரிய டெய்ரிகளின் முறை. கொதிக்க விடுவதே இல்லை.

இதற்கு அடுக்கடுக்காய்த் தகடுகள் கொண்ட பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர். ஒரு தகட்டின் இந்தப் பக்கம் வரும் குளிர்ந்த பச்சைப் பால், அந்தப் பக்கம் வெளியேறும் சூடான பால். வெளியேறும் பால் தன் சூட்டை வரும் பாலுக்குக் கொடுத்துவிட்டுத் தானும் குளிர்கிறது. இதற்கு ரீஜெனரேஷன் என்று பெயர். மணிக்கு 10,000 லிட்டர் பாலை 4 டிகிரியிலிருந்து 72 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 760 கிலோவாட் வெப்பம் வேண்டும். 90 சதவீதம் ரீஜெனரேஷன் இருந்தால் பாய்லர் தர வேண்டியது 76 கிலோவாட்தான். மீதியைப் பாலே பாலுக்குக் கொடுத்துவிடுகிறது. எவ்வளவு எளிமையான யோசனை!

சரி, அந்த 15 விநாடியை எப்படி அளக்கிறார்கள்? ஒரு கடிகாரமும் இல்லை. ஒரு பைப்தான் கடிகாரம். மணிக்கு 10,000 லிட்டர் என்றால் விநாடிக்கு 2.78 லிட்டர். 15 விநாடிக்கு 41.7 லிட்டர். உள்விட்டம் 50 மில்லிமீட்டர் உள்ள பைப்பில் ஒரு மீட்டருக்கு 1.96 லிட்டர் பிடிக்கும். ஆக 21 மீட்டருக்குச் சற்று அதிகம். அவ்வளவு நீளப் பைப்பை வளைத்து வளைத்து வைத்தால், ஒரு முனையில் நுழையும் பால் மறுமுனைக்கு வரப் பதினைந்து விநாடி ஆகிவிடும். பைப்பின் நடுவில் ஓடும் பால் ஓரத்துப் பாலைவிட வேகமாகப் போகும் என்பதால் நீளத்தை இன்னும் கூட்டியே வைப்பார்கள். ஃபுளூயிட் மெக்கானிக்ஸில் வெலாசிட்டி புரொஃபைல் எதற்கு என்று கேட்டோமே, இதற்குத்தான்!

பைப்பின் கடைசியில் ஒரு வால்வு. பால் 72 டிகிரிக்குக் குறைந்தால் அதுவே திரும்பி, பாலை முதல் தொட்டிக்கே அனுப்பிவிடும். ஒரு சொட்டுகூடக் குளிர்ந்த பால் தப்ப முடியாது.

அடுத்து லேப். பாலில் இயற்கையாகவே பாஸ்படேஸ் என்ற என்சைம் உண்டு. காசநோய்க் கிருமியை அழிக்கத் தேவையான சூட்டைவிட ஒரு படி அதிகமான சூட்டில்தான் அது அழியும். அது அழிந்திருந்தால் கிருமியும் அழிந்திருக்கும் என்று பொருள். மாமா காட்டிய வீடியோவில் "என்சைம் செத்துப்போகுது" என்று ஒரு குற்றச்சாட்டு வந்ததல்லவா? டெய்ரியில் அது செத்ததா என்றுதான் சோதிக்கிறார்கள். செத்திருந்தால்தான் பாலுக்கு பாஸ்!

சத்து போய்விடுமா?

இந்தக் கேள்வியை நேர்மையாகப் பார்ப்போம். பாலின் புரதம், கொழுப்பு, சர்க்கரை, கால்சியம் பாஸ்டரைஸ் செய்வதால் குறைவதில்லை. பி1, சி போன்ற சில வைட்டமின்கள் கொஞ்சம் குறையும். காய்ச்சினால் இன்னும் கொஞ்சம் குறையும். ஆனால் வைட்டமின் சி-க்காக யாரும் பால் குடிப்பதில்லை. ஒரு நெல்லிக்காய் போதும்.

பச்சைப் பாலில் உள்ள என்சைம் ஜீரணத்துக்கு உதவும் என்பதும் நிற்கவில்லை. பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் என்சைம் பச்சைப் பாலிலும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பால் ஒத்துக்கொள்ளாத 16 பேருக்குப் பச்சைப் பாலும் பாஸ்டரைஸ் செய்த பாலும் மாற்றிமாற்றிக் கொடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2014-ல் வெளியானது. பச்சைப் பால் அவர்களுக்கு உதவவில்லை.

எதிர்க்கட்சிக்கும் ஒரு பாயிண்ட் உண்டு. அதை மறைப்பது முறையல்ல. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நாட்டுக் கிராமப்புறக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 2011-ல் வெளியானது. பண்ணைப் பாலைக் காய்ச்சாமல் குடித்த குழந்தைகளிடம் ஆஸ்துமா குறைவாக இருந்தது. காய்ச்சிக் குடித்தவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் அந்த ஆய்வாளர்களே, நோய்க்கிருமி ஆபத்து இருப்பதால் பச்சைப் பால் குடிக்கச் சொல்ல மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மாமாவின் வீடியோ முதல் பாதியை மட்டும் சொல்லியது!

2024 மார்ச்சில் அமெரிக்காவில் கறவை மாடுகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்தது. நோயுற்ற மாடுகளின் பச்சைப் பாலில் அந்த வைரஸ் ஏராளமாக இருந்தது. பாஸ்டரைஸ் செய்தபோது செயலிழந்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய முறை நேற்று வந்த நோய்க்கும் உதவுகிறது.

காய்ச்சினாலும் போகாதவை

"அப்படீன்னா பாக்கெட் பால்தானே நல்லது?" என்று கேட்பீர்கள். அவசரப்படாதீர்கள். சூட்டுக்கு அடங்காத சங்கதிகளும் உண்டு.

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 93 சதவீதம் குடிக்கப் பாதுகாப்பானவை என்று வந்தது. நாம் பயப்படும் கலப்படம் 12 மாதிரிகளில்தான் இருந்தது. ஆனால் 5.7 சதவீத மாதிரிகளில் அஃப்ளடாக்சின் எம்1 என்ற நச்சு அளவுக்கு மேல் இருந்தது. அதில் முன்னணியில் நின்ற மாநிலம் நம் தமிழ்நாடு! அதுவும் பச்சைப் பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் அதிகம்.

இது எங்கிருந்து வருகிறது? பூஞ்சை பிடித்த தீவனத்திலிருந்து. ஈரத்தில் வைத்த கடலைப் புண்ணாக்கு, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை இவற்றில் வளரும் பூஞ்சையின் நச்சு, மாட்டு வயிற்றுக்குள் போய் உருமாறிப் பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் போகாது, பாஸ்டரைஸ் செய்தாலும் போகாது. மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலில் இறங்கும் ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான். பெரும்பாலும் காய்ச்சலுக்குத் தப்பிவிடும்.

ஆக, கிருமியை அடுப்பில் தடுக்கலாம். நச்சை மாட்டுத் தீவனத் தொட்டியில்தான் தடுக்க முடியும். ஆயிரம் வீட்டுப் பால் கலந்து வரும் பாக்கெட்டில் எந்த மாடு எதைத் தின்றது என்று நான் போய்ப் பார்க்க முடியாது. பெரியப்பா வீட்டுத் தொட்டியைப் பார்க்க முடியும்.

எங்கள் வீட்டுத் தீர்ப்பு

இரண்டாம் முறை பட்டிமன்றம் கூடியது. மாமாவும் வந்திருந்தார். இந்த முறை எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். கடைசியில் அம்மாதான் ஒரே வாக்கியத்தில் முடித்தார். "பால் நம்ம மாட்டுப் பால். அடுப்பு நம்ம அடுப்பு. ரெண்டையும் எதுக்குடா பிரிக்கறீங்க?"

யோசித்துப் பார்த்தால் மொத்த விஷயமும் அதுதான். மேல்நாட்டில் பாலைக் காய்ச்சும் பழக்கம் இல்லை, பாட்டிலைத் திறந்து அப்படியே குடிப்பார்கள். அதனால் அங்கே பச்சைப் பாலா, பாஸ்டரைஸ் செய்த பாலா என்பது உயிர்ப் பிரச்சினை. நம் வீடுகளில் காய்ச்சுவது என்பது 72 டிகிரி, 15 விநாடியைவிடக் கடுமையான சூடு. அப்படிக் காய்ச்சிய கறந்த பாலில் பாக்கெட் பாலுக்குக் குறைந்த பாதுகாப்பு ஒன்றுமில்லை. அந்தச் சண்டையை இங்கே இறக்குமதி செய்து, அடுப்பை மட்டும் அணைத்துவிட்டதுதான் நாங்கள் செய்த தப்பு.

ஆகவே கறந்த பாலையே வாங்குகிறோம். ஆனால் சில கட்டுப்பாடுகளோடு:

ஒன்று: பால் வந்த உடனே காய்ச்ச வேண்டும். வந்த பாலைத் திண்ணையில் வைத்துவிட்டுச் சீரியல் பார்க்கக் கூடாது.

இரண்டு: பொங்குவது வேறு, காய்வது வேறு. மேலே படியும் ஆடை நீராவியை அடைத்துக்கொள்வதால்தான் பால் பொங்குகிறது. பொங்கியவுடன் அணைக்காமல், தீயைக் குறைத்து, கிளறிக்கொண்டே இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க விட வேண்டும்.

மூன்று: காய்ச்சிய பாலை மூடி ஆற வைத்துக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். பாக்கெட் பால் வாங்குவோரும் கவனியுங்கள். பாஸ்டரைஸ் செய்த பாலில் எல்லாக் கிருமியும் ஒழிந்துவிடுவதில்லை. சூட்டைத் தாங்கும் சில மிச்சமிருக்கும். விடியற்காலை டிரேயில் வெளியே கிடந்த பாக்கெட்டை வீட்டுக்கு வந்ததும் காய்ச்சிவிடுவதே நல்லது.

நான்கு: ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக மாட்டுப்பால் கூடாது, எந்தப் பாலானாலும்.

ஐந்து: பூஞ்சை வாடை அடிக்கும் புண்ணாக்கு குப்பைக்கு. ஊசி போட்ட மாட்டின் பாலை டாக்டர் சொல்லும் நாள்வரை யாருக்கும் ஊற்றக் கூடாது.

ஆறு: கன்று வீசினால் உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். வெறும் கையால் எதையும் தொடக் கூடாது. பெண் கன்றுகளுக்கு நான்கு முதல் எட்டு மாதத்துக்குள் ஒரே ஒரு தடுப்பூசி உண்டு. 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அதுவும் சேர்ந்திருக்கிறது.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. அந்த மாட்டின் ரத்தத்திலும் நோய் உறுதியானது. மாட்டுக்கு இதற்கு நடைமுறையில் வைத்தியம் கிடையாது. விஷயம் வெளியே தெரிவதற்குள் ஒரு தரகர் வந்தார். "ஐம்பதாயிரம் தர்றேனுங்க. நாளைக்குச் சந்தையில தள்ளீர்றேன். யாருக்குந் தெரியாது" என்றார். ஆறு வார மருந்தில் பாதிகூட முடியாத நிலையில், கட்டிலில் படுத்தபடி பெரியப்பா சொன்னார்: "எனக்கு ஒருத்தன் இப்படித்தானப்பா தள்ளிவிட்டிருப்பான். அந்த ஊட்லயும் ஒரு சின்னப் பையன் இருப்பான்ல?"

மாடு விற்கப்படவில்லை. தனியாகக் கட்டினார்கள். அதன் பால் சொசைட்டிக்குப் போகவில்லை, எங்கள் வீட்டுக்கும் வரவில்லை. நஷ்டம் பெரியப்பாவுக்கு. தெரிந்துகொண்ட பாடம் எங்கள் எல்லோருக்கும்.

நண்பர்களே! நாளை நாம் சூப்பர்வைசராகவோ, ஆப்பரேட்டராகவோ ஏதோ ஓர் ஆலையில் நிற்கப்போகிறோம். "டிப்ளமோ படிச்சவன் சொல்றான்" என்று நம் பேச்சை நம்ப வீட்டிலும் ஊரிலும் ஆள் இருக்கிறார்கள். அப்படி நம்பித்தான் ஒரு குழந்தையை என் இடுப்பில் கொடுத்தார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்துகொண்டு வந்து பேசுவோம்.

அக்கா பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். லீவுக்கு வந்தால் முதலில் கொட்டகைக்குத்தான் ஓடுவான். பெரியப்பா பீச்சும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான். பிறகு தூக்குப்போசியை அவனே தூக்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்து, "நல்லாக் காய்ச்சோணும் அம்மாயி" என்பான்.

அடுத்த முறை எங்கள் ஊருக்கு வாருங்கள் நண்பர்களே. பால் உண்டு. காய்ச்சித்தான் தருவோம்!